களப்பயிற்சிக்கு வருபவர்களும் களமாக இருப்பவர்களும்

சித்திரை விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கும் நாட்களில், கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் உளவளத்துணைப் பொறுப்பை வகிக்கும் என் போன்ற ஆசிரியைகளுக்கு ஒரு வகை மின்னஞ்சல் வரத் தொடங்கும். இலண்டனிலோ தொரன்ரோவிலோ மெல்பேணிலோ உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியலில் பட்டப்பின் படிப்பைத் தொடரும் மாணவர் ஒருவர், தமது களப்பயிற்சியின் ஒரு பகுதியை எமது பாடசாலையில் நிறைவுசெய்ய விரும்புவதாக மிகவும் பணிவாக எழுதியிருப்பார். தம்மைப் பற்றிய அறிமுகம், பேராசிரியரின் பெயர், வர எண்ணியுள்ள மாதம் ஆகியவற்றுக்குப் பிறகு, பிள்ளைகளுக்குத் தம்மால் இயன்ற சேவையைச் செய்ய ஆவலாக இருப்பதாகவும் ஒரு வரி இருக்கும்.

அந்த வரியின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல ஆண்டுகளாக இம்மாணவர்களை வரவேற்று, வகுப்பறைகளில் அமர்த்தி, அவர்களுக்காக மொழிபெயர்த்து, அவர்கள் போன பின் மிஞ்சியவற்றை ஒழுங்குபடுத்திவரும் ஒருத்தி என்ற வகையில் சொல்கிறேன்: அவர்கள் வருவது சேவை செய்வதற்கு அன்று, படிப்பதற்கு. படிக்க வருவதில் குறை ஏதும் இல்லை. அரசாங்க வைத்தியசாலையின் வாட்டில் கட்டிலைச் சுற்றி மருத்துவ மாணவர்கள் நிற்கும்போது, யார் வைத்தியர், யார் மாணவர் என்பது நோயாளிக்கும் தெரியும், தாதிக்கும் தெரியும். பாடசாலைக்கு வரும் உளவியல் மாணவர் விடயத்தில் மட்டும் அந்தத் தெளிவு இல்லாமற் போகிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற ஒரே காரணத்தால் காலைக்கூட்டத்தில் அவர் நிபுணர் என்று அறிமுகப்படுத்தப்படுகிறார். பிள்ளை படிக்கிறானில்லை, சாப்பிடுகிறானில்லை, போனை வைக்கிறானில்லை என்று பெற்றோர் அவரைத் தேடி வருகிறார்கள். அவரோ, இவற்றையெல்லாம் மேற்பார்வையாளரிடம் எப்படிக் கேட்பது என்று கொப்பியில் குறித்துக்கொண்டிருக்கிறார். (கனடாவுக்கு மகளை அனுப்பப் பரிந்துரைக் கடிதம் தர முடியுமா என்று கேட்ட தகப்பனும் உண்டு. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

இவர்கள் எதற்காகப் பயிற்றப்படுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இங்கு ஏற்படும் தடுமாற்றம் விளங்கும். அமெரிக்காவில் பாடசாலை உளவியலாளர் என்பது தனியான ஒரு தொழில். அத்தொழிலுக்கான தேசியச் சங்கம் வகுத்துள்ள தரத்தின்படி, பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் மட்டும் ஒருவர் குறைந்தது 1200 மணித்தியாலங்கள் பணியாற்ற வேண்டும். அவற்றில் 600 மணித்தியாலங்களாவது பாடசாலையில் கழிய வேண்டும். 500 பிள்ளைகளுக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்றும் அச்சங்கம் பரிந்துரைக்கிறது. இங்கிலாந்தில் இந்தப் பணிக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுவது, 1913 இல் இலண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பேர்ட் என்பவரை நியமித்தமையாகும். இன்று அங்கே அதற்கு முனைவர் பட்ட மட்டத்திலான பயிற்சி வேண்டும். எமது பாடசாலைகளிலோ, தமிழையோ சமயத்தையோ விஞ்ஞானத்தையோ கற்பித்துக்கொண்டு, அதற்கு மேலாக ஆலோசனை வழிகாட்டலையும் சுமக்கும் ஆசிரியரே பெரும்பாலும் இருக்கிறார். தமக்கு நிகரான பதவியில் ஒருவரை எதிர்பார்த்து வரும் மாணவர், நாலாம் பாடவேளை மணி அடித்ததும் ஒன்பதாம் தரத்துக்கு இலக்கணம் எடுக்க ஓடும் என்னைச் சந்திக்கிறார்.

இதில் பதவியின் பெயரை விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே ஒரு பிள்ளையைச் சோதித்து அறிக்கை எழுதினால், அந்த அறிக்கையின் மறுமுனையில் ஏதோ ஒரு சேவை காத்திருக்கிறது: விசேட கல்வி ஆசிரியர், தனிப்பட்ட கற்றல் திட்டம், பரீட்சையில் மேலதிக நேரம், பேச்சுப் பயிற்சி. அறிக்கை என்பது ஒரு கதவைத் திறக்கும் கடிதம். இங்கே அதே அறிக்கை நேர்த்தியாக அச்சிடப்பட்டுத் தாயின் கையில் கொடுக்கப்படுகிறது. தாய் அதை எடுத்துக்கொண்டு பொரளையில் உள்ள சிறுவர் வைத்தியசாலைக்குப் போய், காலையிலிருந்து காத்திருந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மீண்டும் சொல்கிறார். ஆகவே என்னிடம் வரும் மாணவர்களிடம், எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்னரும் அதன் முடிவை யாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். விடை இல்லையென்றால் சோதனையும் இல்லை.

உளவியலாளர்கள் பிறநாடுகளுக்குப் போய்ச் சோதிப்பது புதிய வழக்கம் அன்று. 1898 இல் மானுடவியலாளர் ஹடன் தலைமையில், அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து சென்ற குழுவில் ரிவர்ஸ், மயர்ஸ், மக்டூகல் ஆகியோர் இருந்தனர். தீவு மக்களின் பார்வையையும் செவிப்புலனையும் கருவிகளால் அளந்தனர். அதே குழுவில் இருந்த மருத்துவர் செலிக்மன் பின்னர் தம் மனைவியோடு இலங்கைக்கு வந்து இங்குள்ள ஆதிவாசிகளான வேடர்களை ஆராய்ந்து 1911 இல் நூலாக வெளியிட்டார். 1931, 1932 ஆம் ஆண்டுகளில் ரஷ்ய உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தானின் கிராமங்களில் கேட்ட கேள்வி புகழ்பெற்றது: பனி மூடிய தூர வடக்கில் கரடிகளெல்லாம் வெள்ளை நிறம், நோவயா ஸெம்ல்யா தூர வடக்கில் இருக்கிறது, அங்குள்ள கரடிகள் என்ன நிறம்? எழுத்தறிவற்ற விவசாயிகள் பலர், நான் அங்கே போனதில்லை, காணாத ஒன்றைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற வகையில் பதிலளித்தார்கள். பாடசாலைக்குப் போனவர்களோ வெள்ளை என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது அமெரிக்க உளவியலாளர் மைக்கல் கோலின் அனுபவம். முனைவர் பட்டம் பெற்று அதிக காலம் ஆகாத அவர், 1960களில் மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவுக்குப் போனார். அங்குள்ள க்பெலே இனப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கணிதம் ஏன் சிரமமாக இருக்கிறது என்று கண்டறிவதே வேலை. அவரும் உடன் பணியாற்றியவர்களும் உணவுப் பொருட்கள், கருவிகள், பாத்திரங்கள், உடைகள் என்ற நான்கு வகையைச் சேர்ந்த இருபது பொருட்களைப் பரப்பி, ஒன்றோடொன்று சேர்பவற்றைப் பிரித்து வைக்கும்படி பெரியவர்களைக் கேட்டபோது, அவர்கள் கத்தியைத் தோடம்பழத்தோடும் மண்வெட்டியைக் கிழங்கோடும் வைத்தார்கள். அறிவுள்ளவன் இப்படித்தான் வைப்பான் என்றும் சொன்னார்கள். சலித்துப்போன ஆய்வாளர், அப்படியானால் ஒரு முட்டாள் எப்படி வைப்பான் என்று கேட்டதுதான் தாமதம், பழங்களைப் பழங்களோடும் கருவிகளைக் கருவிகளோடும் அழகாக அடுக்கிக் காட்டினார்கள். உளவியலாளர் உயர்ந்த விடை என்று கருதியது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதை அவர்கள் மதிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஆய்வுகளிலிருந்து கோல் பெற்றது க்பெலே பிள்ளைகளின் குறைபாடு பற்றிய அறிக்கையை அல்ல, தம் சோதனைகள் எதைச் சோதிக்கின்றன என்ற கேள்வியை. அவருடைய பிற்காலப் பணி முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. களப்பயிற்சி என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கொழும்பில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. எமது பிள்ளைகள் காணாத கரடியைப் பற்றிக் கேட்டாலும் உடனே விடை சொல்வார்கள்; கேட்பவருக்கு விடை முன்னரே தெரியும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு மாணவர் ரேவனின் வடிவச் சோதனையைக் கொண்டு வந்திருந்தார். 1938 இல் வெளியான இச்சோதனையில் மொழி தேவையில்லை, விடுபட்ட கோலத்தைக் கண்டுபிடித்தால் போதும், ஆகவே எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்பது அவருக்குக் கற்பிக்கப்பட்டது. அவர் அதை ஐந்தாம் தரப் பிள்ளைகளிடம் நடத்தியது ஜூலை மாதத்தில். புலமைப்பரிசில் பரீட்சை வழமையாக ஆகஸ்ட் மாதத்தில் வரும்; அதன் முதலாம் வினாத்தாளில் நுண்ணறிவு வினாக்கள் உண்டு; அவற்றில் தேர்ச்சி பெறுவதற்காகப் பிள்ளைகள் நாலாம் தரத்திலிருந்தே ரியூசனில் இதே போன்ற கோலங்களைப் பூர்த்திசெய்து வருகிறார்கள். புள்ளிகள் வானளாவ வந்தன. ரியூசனுக்குப் போக வசதியில்லாத இரண்டு பிள்ளைகள் மட்டும் தனியே தெரிந்தார்கள். அந்தச் சோதனை அளந்தது என்ன என்று அவருக்கு விளக்கியவர் அந்த வகுப்பாசிரியை. உளவியல் படித்தவர் அல்லர்.

வினாக்கொத்துகளில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமாக இருக்கும். ரொபர்ட் குட்மன் 1997 இல் வெளியிட்ட, பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் பற்றிய வினாக்கொத்து உலகெங்கும் பாவனையில் உள்ளது. தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கிறது. 25 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் உண்மையல்ல, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்ற மூன்றில் ஒன்றை ஆசிரியரோ பெற்றோரோ தெரிவுசெய்ய வேண்டும். கேட்பதற்கு இலகு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஓர் ஆசிரியை ஆயிரம் கட்டங்களை நிரப்ப வேண்டும் என்பதை ஒருவரும் முதலில் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அதில் ஒரு கூற்று, பிள்ளை தனித்திருப்பதையும் தனியே விளையாடுவதையும் பற்றியது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில், ஏழெட்டு மாடிக் கட்டடத்தின் பிளாட் ஒன்றில் வாழும் ஒற்றைப் பிள்ளை, பாடசாலை வானில் இறங்கி, ரியூசனுக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் பிள்ளை, தனியே விளையாடாமல் வேறு யாருடன் விளையாடும்? பெற்றோர் நிச்சயமாக உண்மை என்று அடையாளமிடுகிறார்கள். வேறு பல குறிகளோடு சேர்ந்து அது சகபாடிகளுடனான சிரமம் என்ற தலைப்பின் கீழ் கூட்டப்படுகிறது. மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. கட்டடத்தின் குணம் பிள்ளையின் பெயரில் பதிவாகிறது.

சித்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மொழி தெரியாத மாணவர் முதலில் தேடுவது சித்திரத்தைத்தான். வீடு, மரம், மனிதர் ஆகிய மூன்றையும் வரையச் சொல்லி அவற்றிலிருந்து ஆளுமையை வாசிக்கும் முறையை ஜோன் பக் என்பவர் 1948 இல் அறிமுகப்படுத்தினார். அம்முறையில் மரத்தின் தண்டு உள்வலிமையையும் கிளைகள் வெளியுலகத்தோடு கொள்ளும் தொடர்பையும் குறிப்பனவாகக் கொள்ளப்படும். இத்தகைய சோதனைகளின் நம்பகத்தன்மை பற்றி உளவியலாளர்களிடையே நெடுங்காலமாகக் கடும் விமர்சனம் உண்டு என்றாலும், பயிற்சிப் பைகளில் அவை இன்னும் இருக்கின்றன. ஒரு நாள் இடைவேளையின்போது ஒரு மாணவி ஆசிரியர் அறையின் மேசையில் நாலாம் தரப் பிள்ளைகளின் சித்திரங்களைப் பரப்பியிருந்தார். ஏறத்தாழ எல்லாவற்றிலும் இரண்டு மலைகள், நடுவே கதிர் விரியும் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கூரை சரிந்த ஓட்டு வீடு, அதன் பக்கத்தில் சற்றே சாய்ந்த ஒரு தென்னை. அவருடைய குறிப்புக் கொப்பியில், கிளைகளே இல்லை என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். எங்கள் சித்திர ஆசிரியை எட்டிப் பார்த்து, தென்னைக்குக் கிளை கீறினால் நான் புள்ளி குறைப்பேன் என்றார்.

அந்த மாணவி கெட்டிக்காரி. வெட்கப்பட்டு ஒதுங்காமல், சித்திரங்களை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடமே திரும்பிப் போனார். நான் கூடப் போய் மொழிபெயர்த்தேன். இது யாருடைய வீடு என்று ஒரு பையனிடம் கேட்டார். அவன் எங்களிருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது சித்திர வீடு மிஸ். எங்கட வீடு ஆறாம் மாடியில. அதைக் கீறினா கொப்பிக்குள்ள அடங்காது.”

பிறகு அவர் கேட்காமலே, லிப்ட் பழுதாகும் நாட்களில் அம்மம்மா கீழே இறங்குவதில்லை என்பதையும், அவன் கடைக்குப் போய் வருவதையும், மூன்றாம் மாடியில் உள்ள நாயையும் பற்றிச் சொன்னான். சித்திரம் சொல்லாததைச் சித்திரத்தைப் பற்றிய பேச்சு சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அம்மாணவி வரையச் சொல்வதை விட்டுவிட்டு, வரைந்ததைப் பற்றிக் கேட்பதையே தம் வேலையாகக் கொண்டார்.

எங்களிடம் ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று சிலர் கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடற்கோளுக்குப் பின் இந்நாட்டில் நடந்தது எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்திருந்த கரையோரங்களுக்கு, உணவும் கூடாரமும் வந்த வேகத்திலேயே வெளிநாட்டு உளவியல் குழுக்களும் வந்தன. முகாமுக்கு முகாம் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, கண்டதைச் சொல்லவும் வரையவும் வைத்தன. அனுபவத்தை ஒரே அமர்வில் கொட்ட வைப்பதால் பிற்காலப் பாதிப்பைத் தடுக்க முடியும் என்பதற்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை என்பது அப்போதே தெரிந்திருந்தது. 2007 இல் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த நிலையியற் குழு, அவசரகாலங்களில் உளசமூக உதவி எப்படி அமைய வேண்டும் என்ற வழிகாட்டலை வெளியிட்டது. உள்ளூரில் ஏற்கெனவே இருக்கும் ஆதரவுகளிலிருந்து தொடங்குவதும், வந்தவர்களால் தீங்கு நேராமல் பார்ப்பதும் அதன் அடிப்படை.

அதற்கு வெகு முன்னரே எமது உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றி, பாதிப்பைத் தனிமனிதரின் நோயாக மட்டும் பார்த்தால் குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்ததைக் காணத் தவறுவோம் என்று எழுதிவந்தார். இலங்கையரான உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ, போரையும் கடற்கோளையும் கண்ட மக்களின் சொந்த விவரிப்புகளிலிருந்தே இலங்கைக்கான அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். இவ்விருவரையும் வாசிக்காமல் இங்கு களப்பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. உளவியலின் ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி மேற்கு நாடுகளின், அதிலும் அமெரிக்காவின் ஆட்களையே அடிப்படையாகக் கொண்டவை என்று ஜெப்ரி ஆர்னெட் 2008 இலும், ஹென்ரிக்கும் இரு சகாக்களும் 2010 இலும் எழுதியவற்றை மட்டும் எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். குறையைச் சொல்லும் கட்டுரையை வாசிப்பது இலகு; குறையை நிரப்ப இங்கே நடந்த வேலையை வாசிப்பதற்குச் சற்றுத் தேட வேண்டியிருக்கிறது.

அனுமதிக் கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேசிய பாடசாலையென்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள அமைச்சு, மாகாணப் பாடசாலையென்றால் மாகாணத் திணைக்களமும் வலயக் கல்விப் பணிமனையும். கோப்பு நகரும் வேகத்தில் நகரும். பெற்றோரின் சம்மதம்தான் யோசிக்க வேண்டியது. அதிபரின் கையொப்பத்தோடு வீட்டுக்குப் போகும் கடிதம் எதுவானாலும் பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவார்கள். நூற்றுக்கு நூறு சம்மதம் கிடைத்தது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதும் மாணவர், அந்த நூறில் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பதில்லை. நான் இப்போது பெற்றோர் கூட்டத்தில் வாய்மொழியாகவும் விளக்கச் சொல்கிறேன். அப்போதுதான் இரண்டு மூன்று பேர் எழுந்து மறுக்கிறார்கள். அந்த மறுப்புகள் வந்த பிறகே மற்றச் சம்மதங்களை நான் நம்புகிறேன்.

இரகசியம் பேணுவது அடுத்தது. பயிற்சிக் கையேட்டில் தனி அறை, மூடிய கதவு. எங்கள் ஆலோசனை அறையில் விளையாட்டுப் போட்டியின் கொடிகளும் பழைய வரவேட்டுகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அது ஆசிரியர் அறைக்கு நேர் எதிரே இருப்பதால், யார் உள்ளே போனாலும் முழுப் பாடசாலைக்கும் தெரியும். ஏன் போனாய் என்று வகுப்பில் நாலு பேர் கேட்பார்கள். மூன்றாம் தவணையில் வந்த ஒரு மாணவர் வாரக்கணக்காக அந்த அறையில் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. வாணி விழாவுக்கு முதல் நாள், மண்டபத்தின் பின்புறத்தில் பிள்ளைகள் கடலை கழுவி, தேங்காய் கீறி, மாலை கட்டிக்கொண்டிருந்தபோது அவரையும் ஒரு பாயில் இருத்தி, கையில் ஊசியும் நூலும் கொடுத்தோம். அவருக்குக் கட்ட வரவில்லை. எட்டாம் தரப் பிள்ளை ஒருத்தி பூவைக் கோத்துக் காட்டிக்கொடுத்தபடியே, கட்டாரில் இருக்கும் அப்பா தீபாவளிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவையாகப் பயணத்தைத் தள்ளிப்போட்டதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். முகத்தைப் பாராமல், பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கதவு இல்லாத இடத்தில், சுற்றிலும் முப்பது பேர் இரைந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தத் தனிமை கிடைத்தது. மேற்பார்வையாளருக்கு இதை அமர்வு என்று கணக்குக் காட்ட முடியுமா என்று அவர் என்னிடம் கேட்டார். மணித்தியாலப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிரம்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிவை முடிக்க இயலாது. உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் 17 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் 2005 ஆம் ஆண்டில் வெளியானது. நடைமுறை எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு மாணவர் வகுப்பின் பின்வரிசையில் இருந்து அவதானித்துக்கொண்டிருக்கும்போது, முன்னால் ஒரு பையனின் கையில் அடிமட்டம் விழுகிறது. அவருடைய நாட்டில் இதைக் கண்டவர் உடனே அறிவிக்கக் கடமைப்பட்டவராக இருக்கலாம். இங்கே அவர் விருந்தாளி. முறையிட்டால் அடுத்து வருபவர்களுக்குக் கதவு மூடப்படும் என்று அஞ்சுகிறார். அடித்த சேர் இடைவேளையில் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கிறார். நான் கண்டவரை, பலர் அதைப் பண்பாட்டு வேறுபாடு என்ற பெயரில் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எனக்கு அது உடன்பாடன்று. அடிப்பது எமது பண்பாடு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் தந்தவர் யார்? எமது அமைச்சே கூடாது என்று எழுதிவைத்த ஒன்றைப் பண்பாடு என்று மரியாதை செய்வது, எம்மை மதிப்பது ஆகாது. அதே வேளை, தான்தோன்றித்தனமாக முகநூலில் எழுதுவதும் தீர்வன்று. ஆகவே வருபவர் முதல் நாளே என்னோடு இருந்து ஒரு வழியை எழுதிக்கொள்கிறார்: முதலில் எனக்கு, பின்னர் அதிபருக்கு, அங்கே தடைப்பட்டால், அல்லது பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேர்ந்திருந்தால், 1998 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு, 1929 என்ற இலக்கத்தில். இந்தத் தாளின் ஒரு பிரதியை அதிபரும் வைத்துக்கொள்கிறார். அப்படியொரு தாள் இருப்பது தெரிந்த பிறகு, அவதானிப்பு நடக்கும் வகுப்புகளில் அடிமட்டம் கோடு போட மட்டும் பயன்படுகிறது. மற்ற வகுப்புகளைப் பற்றி நான் அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வரும்போது கதை வேறு. அவர்களுக்கு மொழி ஓரளவு தெரியும், சாப்பாடு தெரியும், அதிபரின் முன் எப்படி நிற்பது என்று தாய்தகப்பன் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அவர்களிடம் எதிர்பார்ப்பும் கூட. வெள்ளைக்கார மாணவி தமிழில் வணக்கம் சொன்னால் கைதட்டும் அதே ஆசிரியர்கள், ஸ்காபரோவில் பிறந்தவர் தமிழ் வாசிக்கத் திணறினால் முகத்தைச் சுளிக்கிறார்கள். எந்த ஊர், யாருடைய பேத்தி என்று கேள்விகள் தொடங்கும். தமது பெற்றோர் விட்டுப் போன ஊரைத் தேடி வந்தவருக்கு, மலையகத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மூன்று தலைமுறையாகக் கொட்டாஞ்சேனையில் வாழும் பிள்ளைகளும் கலந்திருக்கும் கொழும்பு வகுப்பறை, வீட்டில் கேட்ட கதைகளோடு பொருந்துவதில்லை. வந்தவர்களில் கூடுதலாக மாறிப்போனவர்கள் இவர்களே என்று நான் நினைக்கிறேன், ஆனால் அதை அவர்கள்தான் எழுத வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து, வர விரும்புபவர்களுக்கும் அவர்களுடைய பல்கலைக்கழகங்களுக்கும் இப்போது சில நிபந்தனைகளைச் சொல்கிறேன். அவர்களுடைய கோடை விடுமுறைக்கு அல்ல, எங்கள் தவணைக்கு ஏற்ப வர வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் ஐந்தாம் தரத்தின் பக்கமே போகக் கூடாது. மொழிபெயர்க்கும் ஆசிரியைக்குக் கொடுப்பனவு உண்டு; அது மாணவரின் பையிலிருந்து அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். மேற்பார்வையாளர் வாரம் ஒரு முறை எங்களோடும் பேச வேண்டும்: இலண்டனென்றால் கோடையில் எமது பிற்பகல் இரண்டு மணி அங்கே காலை ஒன்பதரை, சிரமமில்லை, தொரன்ரோவென்றால் எமது மாலை ஆறரை அங்கே காலை ஒன்பது, நாங்கள்தான் வீட்டிலிருந்து பேச வேண்டும், பரவாயில்லை. தற்கொலை எண்ணம் போன்ற எதையும் ஒரு பிள்ளை சொன்னால், அன்றே எனக்குத் தெரிய வேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் புதிய பிள்ளை எவரோடும் தனியே பேசத் தொடங்கக் கூடாது.

இந்தப் பட்டியலைக் கண்டு ஒரு பல்கலைக்கழகம் பதிலே எழுதவில்லை. முன்னர் அங்கிருந்து வந்த மாணவரின் அறிக்கையை அனுப்புவதாகச் சொல்லியும் அனுப்பாதவர்கள் அவர்கள்தான், ஆகவே பெரிய இழப்பு என்று தோன்றவில்லை. மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கடைசி நிபந்தனையைத்தான் அவர்கள் தயக்கத்தோடு ஏற்றார்கள்: மாணவர் தாம் கண்டதை, புறப்படும் முன், இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதுவித்து ஆசிரியர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், ஆசிரியர்கள் மறுக்கலாம். சென்ற முறை வாசிக்கப்பட்டபோது, எங்கள் கணித சேர் எழுந்து, பின்வரிசைப் பிள்ளைகள் பாடத்தில் ஈடுபாடு காட்டவில்லை என்ற முடிவை ஏற்க முடியாது, அந்த வரிசைக்கு மேலே மின்விசிறி வேலை செய்வதில்லை, கரும்பலகையில் வெயில் விழுந்து எழுத்தும் தெரிவதில்லை, நீங்கள் இருந்து அவதானித்தது முன்வரிசைக் கதிரையில் என்றார். மாணவி அடுத்த நாள் காலை பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த அறிக்கையில் அந்தப் பகுதியை அழிக்காமல், அதன் கீழே சேரின் மறுப்பை முழுமையாகச் சேர்த்து, தமக்கு மேற்பார்வை வழங்கியவர்களின் வரிசையில் அவருடைய பெயரையும் எழுதினார்.